மேடைக்காரர் வீடு

ஊரில் யார் வீட்டில் நல்லது நடந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பவரும், கடைசி ஆளாகக் கிளம்புபவரும் மேடைக்காரர்தான். அதற்காக அவரை யாரோ அழைத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அவருக்கு வாடகைச் சாமான் கடையில் வேலை. நாற்காலி, மேசை, சோபா, கம்பளம், திரைச்சீலை, அண்டா, கரண்டி என்று எதைக் கேட்டாலும் ஒரு நாள் வாடகைக்குக் கொடுக்கிற கடை. சாமானை வண்டியில் ஏற்றி, இறக்கி, மேடை கட்டி, எல்லாம் முடிந்தபின் பிரித்து எண்ணி எடுத்துவருவது அவர் பொறுப்பு. சொந்தப் பெயர் என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லிக் கூப்பிடுகிற ஆட்கள் குறைந்துகொண்டே வந்து, இப்போதெல்லாம் மனைவியே கோபம் வந்தால் "என்ன மேடைக்காரரே" என்றுதான் ஆரம்பிப்பாள்.

வேலையில் சூரர். சுண்ணாம்பு உதிர்ந்து பல்லை இளிக்கிற கூடத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் அடையாளம் தெரியாது. ஈரம் பூத்த சுவருக்குத் துணியை விசிறி மடிப்பாக மடித்துக் குண்டூசி குத்துவார். வெடித்த தரையில் கம்பளம். குண்டு பல்பு தொங்குகிற இடத்தில் ஒரு வளையத்தை மாட்டி அதைச் சுற்றிக் காகிதப் பூ. வந்து பார்க்கிற வீட்டுக்காரர் தன் வீடா என்று ஒரு நிமிடம் திகைத்து நிற்பார். அந்த ஒரு நிமிடம்தான் மேடைக்காரருக்குச் சம்பளத்துக்கு மேல் கிடைக்கிற சம்பளம்.

அவருடைய சொந்த வீடு என்றால் டயர் கடைக்குப் பின்னால் மாடியில் இரண்டு அறை. மேலே தகரம். மழை வந்தால் முன்னறையில் இரண்டு இடத்தில் ஒழுகும், அங்கே ஒரு வாளியும் ஒரு குண்டானும் நிரந்தரமாகக் குடியிருந்தன. சுவரில் ஒரு ஆள் உயரத்துக்கு உப்புப் பூத்திருக்கும். நாற்காலி ஒன்றே ஒன்று, அதுவும் ஒரு கால் கம்பி போட்டுக் கட்டியது. ஆயிரம் நாற்காலி தூக்குகிற மனுஷன் வீட்டில் உட்கார ஒரு நாற்காலி இல்லையே என்று அக்கம்பக்கத்தில் கேலி பேசுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஒருமுறை மட்டும் அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் பள்ளியில் படித்தபோது அவளுடைய டீச்சர் வீடு தேடி வந்தார். அந்த நாற்காலியில் ஈரத் துணி காய்ந்துகொண்டிருந்தது. டீச்சர் நின்றபடியே பேசிவிட்டு நின்றபடியே போய்விட்டார். அது மேடைக்காரர் நெஞ்சில் முள்ளாகத் தைத்து, எடுக்க ஆளில்லாமல் அப்படியே நின்றுவிட்டது.

மகள் ஒருத்திதான். வீட்டில் பாப்பா. பட்டம் வாங்கி மூன்று வருடமாக ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளாக இருந்தாள். வயதானவர்களைக் குளிப்பாட்டுவது, தலை சீவி விடுவது, மாத்திரை கொடுப்பது, அவர்கள் திட்டினால் வாங்கிக்கொள்வது. அம்மாவுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் பாக்கெட் போடும் வேலை. அவள் எத்தனை சோப்புப் போட்டுக் குளித்தாலும் கையிலிருந்து ரொட்டி வாசனை போகாது. மூவர் சம்பளத்தில் குடும்பம் யாரிடமும் கை நீட்டாமல் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் பாப்பா, சமூகப் பணியில் மேற்படிப்பு படிக்கப் போவதாகச் சொன்னாள்.

இந்தப் பேச்சு காதில் விழுந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வந்து இறங்கினார். அம்மாவின் தம்பி. லாரி ஆபீசில் கணக்கு எழுதுகிறவர். அந்த ஒற்றை நாற்காலியில் கால் ஆடாமல் உட்காரத் தெரிந்த ஒரே விருந்தாளி அவர்தான்.

"உக்காரு பாப்பா. நான் சண்டை போட வரலை. கணக்குப் போட வந்திருக்கேன்."

"நீங்க எப்ப மாமா கணக்குப் போடாம இருந்தீங்க? டீ குடிச்சாலே எத்தனை மடக்குன்னு எண்ணுற ஆளு."

"கிண்டல் பண்ணு, பண்ணு. ரெண்டு வருஷப் படிப்பு. ஃபீஸ் ஒரு பக்கம். அந்த ரெண்டு வருஷம் நீ இப்ப வாங்குற சம்பளம் வராதே, அது இன்னொரு பக்கம். அதை யாரும் செலவுல சேர்க்க மாட்டாங்க. ஆனா உண்மையில அதுதான் பெரிய செலவு. அப்புறம் வாரத்துல பாதி நாள் களப்பணின்னியே, ஆஸ்பத்திரி, ஜெயில், பள்ளிக்கூடம்னு அனுப்புவாங்கன்னு. அதுக்குச் சம்பளம் தருவாங்களா?"

"இல்லை மாமா. அது பயிற்சி."

"பஸ் காசு?"

"நம்மதுதான்."

"ஆக, கைக்காசு போட்டு வேலை பாக்கப் போற. எங்க லாரி ஆபீசுக்கு இப்படி ஒரு ஆள் கிடைச்சா தலையில தூக்கி வெச்சுக்கிட்டு ஆடுவோம்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பாப்பாவுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். மாமா விடவில்லை.

"சரி, படிச்சு முடிச்சாச்சு. அப்புறம்? நானும் நாலு பேரை விசாரிச்சேன். தொண்டு நிறுவனத்துல வேலை. திட்டம் இருக்கிற வரைக்கும் வேலை, திட்டம் முடிஞ்சா வீடு. சம்பளம் இப்ப நீ வாங்குறதுக்கு மேல கொஞ்சம், கொசுறு மாதிரி. சேவைன்னு பேர் வெச்சுட்டா கூடக் கேக்க வாய் வராது, அதுதான் சூட்சுமம். போட்ட காசை எடுக்கவே ஏழெட்டு வருஷம் ஆகும். அதே காசுக்கு மருந்துக் கடைப் படிப்பு படி. முடிச்ச மறுநாள் வேலை."

"ஆஸ்பத்திரியில நிரந்தர வேலைக்கு இந்தப் படிப்பைத்தான் கேக்கிறாங்க மாமா. இது இல்லாட்டி முடி நரைக்கிற வரைக்கும் நான் உதவியாள்தான். சம்பளமும் இதேதான்."

"அந்த நிரந்தர வேலை எத்தனை இருக்கு?"

"கொஞ்சம்தான்."

"எத்தனை பேர் போட்டி போடுவாங்க?"

"நிறைய."

"பார்த்தியா, உன் வாயாலயே சொல்றே."

"பொய் சொல்ல முடியுமா? உங்க கணக்கு தப்புன்னு நான் சொல்லலை மாமா. அதுல சேராத ஒண்ணு இருக்கு. எங்க இல்லத்துல ஒரு பாட்டிம்மா. யாருமில்லாதவங்கன்னு கொண்டுவந்து விட்டாங்க. பேச மாட்டாங்க. மூணு வருஷமா நான்தான் தலை சீவி விடறேன். போன மாசம் ஒரு சமூகப் பணியாளர் வந்தாங்க. பக்கத்துல உக்காந்து, 'சின்ன வயசுல வேலைக்கு எந்த பஸ்ல போவீங்க?'ன்னு கேட்டாங்க. பாட்டிம்மா பளிச்சுன்னு பஸ் நம்பரைச் சொல்லிட்டாங்க. எங்க ஏறுவேன், எங்க இறங்குவேன்னு எல்லாம். வந்தவங்க அந்த ஸ்டாப்ல போய் விசாரிச்சு, பாட்டிம்மாவோட தங்கச்சியைக் கண்டுபிடிச்சுக் கூட்டிட்டு வந்துட்டாங்க. மூணு வருஷமா கூடவே இருந்த எனக்கு அப்படிக் கேக்கத் தோணலையே. கேக்கத் தெரியணும்ல? அதைத்தான் படிக்கணும்கிறேன்."

இதைக் கணக்கில் எந்தப் பக்கம் எழுதுவது என்று மாமாவுக்குப் பிடிபடவில்லை போலிருக்கிறது.

"ஒரு அறக்கட்டளை இருக்கு மாமா" என்றாள் பாப்பா. "ஃபீஸ், பஸ் காசு, சாப்பாடு எல்லாம் அவங்க குடுப்பாங்க. நேர்காணல் முடிஞ்சுது. நல்லாப் பண்ணியிருக்கேன். அது கிடைச்சா உங்க கணக்குல பாதி அடிபட்டுப் போயிடும்ல?"

மாமா விரல் மடக்கிப் பார்த்தார். "பாதிக்கு மேலயே போயிடும். கிடைச்சா நானே உன்னைக் காலேஜ் வாசல்ல கொண்டுபோய் விடறேன். கிடைக்கலைன்னா இந்தப் பேச்சை விட்டுடணும். இந்த வீட்டுல கடன் நுழையக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்."

மேடைக்காரர் இந்தப் பேச்சு முழுவதிலும் வாயே திறக்கவில்லை. அந்தப் படிப்பின் பெயர்கூட அவர் வாயில் சரியாக நுழையாது. ஆனால் பஸ் நம்பர் கதையை அவர் அதற்கு முன்பே நான்கைந்து முறை கேட்டிருந்தார், கடையில் மற்றவர்களுக்குத் தானே சொல்லியும் இருந்தார். சொல்லும்போது "எங்க பாப்பா படிக்கப் போறது அதுதான்" என்று முடிப்பார். படிப்புக்கு எதிராக அவர் ஒரு வார்த்தை, ஒரு முணுமுணுப்பு, எதுவும் சொன்னதில்லை.

அடுத்த வாரம் தகவல் வந்தது. அறக்கட்டளையிலிருந்து ஒரு அம்மா வீட்டைப் பார்க்க வருவார்.

"நான் டூட்டியில இருந்து பர்மிஷன் போட்டுட்டு மத்தியானம் வந்துடறேன்" என்றாள் பாப்பா. "நீங்க எதுவும் செய்ய வேண்டாம்பா. எப்பவும் போல இருந்தாப் போதும்."

எப்பவும் போல என்றால் எப்படி? மேடைக்காரருக்கு அது பெரிய யோசனையாகிப் போனது. அவர் கடை முதலாளிக்கு ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஒருவர் சாமான் கேட்டு வந்தால், முன்பணம் வாங்குவதா வேண்டாமா என்று பார்த்துவர மேடைக்காரரைத்தான் வீட்டுக்கு அனுப்புவார். வாசல் சுத்தமாக, உட்கார நல்ல நாற்காலியாக இருந்தால் நம்பிக் கொடுக்கலாம். ஓட்டை உடைசல் வீடென்றால் முன்பணம் இல்லாமல் ஒரு கரண்டிகூடக் கிடையாது. இத்தனை வருடம் இவர் பார்த்த வேலை இது. ஆகவே ஒருவர் வீட்டைப் பார்க்க வருகிறார் என்றால் எதற்கு வருகிறார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. கொடுத்த பணம் வீணாகாத இடமா, பெண் பாதியில் படிப்பை விட்டுவிடாமல் தாங்கிப் பிடிக்கிற குடும்பமா என்று பார்க்கத்தான் வருகிறார்.

"ஏங்க, அது தர்மத்துக்குக் குடுக்கிற காசு" என்றாள் மனைவி. "நம்ம இருக்கிற லட்சணத்தைப் பார்த்தாத்தானே இரக்கம் வரும்?"

"இரக்கம் வந்தா நாலு வார்த்தை ஆறுதல் சொல்லிட்டுப் போவாங்க. நம்பிக்கை வந்தாத்தான் காசு வரும். இந்த விஷயத்துல நீ எனக்குச் சொல்லாதே."

"அதுக்கில்லீங்க..."

"அன்னைக்கு அந்த டீச்சரம்மா நின்னுக்கிட்டே போனாங்களே, மறந்துட்டியா?"

அவளும் அதை மறந்திருக்கவில்லை.

முதலாளியிடம் சொல்லிவிட்டு, அந்த அம்மா வரும் நாள் காலையில் கடை வண்டியில் சாமான் கொண்டுவந்து இறக்கினார். மணமக்கள் உட்காருகிற சிவப்பு சோபா. பூவேலைக் கம்பளம். கண்ணாடி மேசை. நிற்கும் மின்விசிறி. மாடிப்படி குறுகல், சோபாவைச் செங்குத்தாக நிமிர்த்தி, கயிறு கட்டி, இரண்டு பேர் மூச்சு வாங்க ஏற்றினார்கள். பிறகு தனி ஆளாக நின்று வேலையைத் தொடங்கினார். உப்புப் பூத்த சுவர் முழுவதையும் இளநீலத் துணியால் மடிப்பு வைத்து மூடினார். தகரம் தெரியாமல் மேலே வெள்ளைத் துணி கட்டினார். வாளியையும் குண்டானையும் உள்ளறைக்குக் கடத்தினார். கம்பி கட்டிய நாற்காலி கழிவறைக்குள் போனது. மனைவி முதலில் கைகட்டி நின்றாள். பிறகு அவளுக்கும் ஆசை வந்துவிட்டது. கடைப் பெட்டியிலிருந்த கண்ணாடிக் கோப்பைகளை எடுத்து விளக்கி, துடைத்து, மேசையில் வரிசையாக வைத்து, சோபாவின் ஓரத்தில் போய் உட்கார்ந்து பார்த்தாள்.

"நம்ம வீடாங்க இது?" என்றாள்.

மேடைக்காரர் எத்தனையோ வீட்டில் கேட்ட கேள்விதான். தன் வீட்டில், தன் மனைவி வாயால் கேட்டதில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

வானம் மூட்டமாக இருந்தது. ஒரு மணி நேரம் பொறுத்துக்கொள்ளப்பா என்று வானத்தைப் பார்த்து வேண்டிக்கொண்டார். இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

அந்த அம்மா சொன்ன நேரத்துக்கு முன்பாகவே வந்துவிட்டார். முந்திய வீடு பூட்டிக் கிடந்ததாம். ஐம்பது வயது இருக்கும். ஒரு கையில் குடை, தோளில் கனத்த பை. படி ஏறி வந்ததில் மூச்சு இரைத்தது. சோபாவைக் காட்டியதும் பொத்தென்று உட்கார்ந்து, மின்விசிறிக் காற்றில் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்பாடா. காலையில இருந்து இப்பத்தான் நல்லா உக்காருறேன்."

மேடைக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தட்டில் டீயை வைத்து அவரே நீட்டினார். அந்த அம்மா கேட்க, அவர் பதில் சொன்னார். சம்பளத்தை உள்ளது உள்ளபடி சொன்னார். மனைவியின் சம்பளம், மகளின் சம்பளம், வீட்டு வாடகை, அத்தனையும் அட்சரம் பிசகாமல். அந்த அம்மா எழுதிக்கொண்டே வந்து, எழுதுவதை நிறுத்தி, சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார்.

"வேற வருமானம் ஏதாவது உண்டா? நிலம், கடை, வெளிநாட்டுல சொந்தக்காரங்க?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

"இந்தச் சாமானெல்லாம்?"

பாப்பா கதவைத் திறந்ததும் இவர் பதில் சொன்னதும் ஒரே நேரத்தில் நடந்தது.

"நம்மதுதாங்க" என்றார் மேடைக்காரர்.

பாப்பா வாசலிலேயே நின்றுவிட்டாள். கம்பளத்தைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், தலையைத் தூக்கி வெள்ளைத் துணியைப் பார்த்தாள். கடைசியாக, தட்டைப் பிடித்தபடி விறைப்பாக நின்ற அப்பாவைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்துக் கண்ணால் சிரித்தார். எப்படி இருக்கிறது பார் என்பது போல.

"வாம்மா" என்றார் அந்த அம்மா. "வீட்டை அழகா வெச்சிருக்காங்களே உங்க அப்பா அம்மா. அப்பா எல்லாம் சொல்லிட்டார். வீட்டு நிலைமையைப் பத்தி நீ ஏதாவது சொல்லணுமா?"

மின்விசிறி இந்தப் பக்கம் திரும்பி அந்தப் பக்கம் போனது.

"அப்பா சொன்னதுதாங்க மேடம்" என்றாள்.

அவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பித் தெருமுனை திரும்பிய பிறகுதான் மழை பிடித்தது. தகரத்தில் படபடவென்று இறங்கி, வெள்ளைத் துணியில் இரண்டு இடத்தில் ஊறிச் சொட்டியது. "நம்ம நேரம் நல்ல நேரம்" என்று மேடைக்காரர் சிரித்தார். ஓடிப்போய் வாளியைக் கொண்டுவந்து வைத்தார். பாப்பா சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

"சோபாவை எப்ப திருப்பிக் குடுக்கணும்பா?"

"சாயங்காலத்துக்குள்ள."

"சரி, நான் ஒரு பக்கம் பிடிக்கிறேன்."

தார்ப்பாயைப் போர்த்தி, அப்பாவும் மகளும் அந்தக் குறுகல் படியில் ஒவ்வொரு படியாக இறக்கினார்கள். இவர் கீழ்ப்பக்கம், அவள் மேல்பக்கம். சோபா மறைத்ததில் அவள் முகம் அவருக்குத் தெரியவில்லை.

சில வாரம் கழித்து, அறக்கட்டளை உதவி கிடைக்கவில்லை என்று பாப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். "எத்தனையோ பேர் போட்டிருப்பாங்கப்பா" என்று சொல்லிவிட்டு மறுநாள் காலை வழக்கம்போல் டூட்டிக்குப் போனாள். மாமா வந்து, "விடு பாப்பா, வாக்கு வாக்குதான்" என்றார். அவளும் "ஆமா மாமா" என்றாள். அவ்வளவு சுலபமாக அவள் ஒப்புக்கொண்டது மேடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. நேர்காணலில் நன்றாகச் செய்திருக்கிறாள், வீடும் ஜோராக இருந்தது, பிறகு என்ன குறை? யாரோ உள்ளே புகுந்து விளையாடியிருக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது. ஒரு நாள் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறி அறக்கட்டளை ஆபீசுக்குப் போனார்.

அந்த அம்மா அடையாளம் கண்டுகொண்டார். "வாங்கய்யா, நல்ல டீ குடுத்தீங்களே" என்று எதிரே உட்காரச் சொன்னார். மேசை முழுக்கக் காகிதம். கூடவே பாதி தின்ற ரொட்டி.

"நீங்க கோவிச்சுக்கக் கூடாது. யார் சொல்லி எங்க பொண்ணுக்கு இல்லைன்னு ஆச்சு?"

"யாரும் சொல்லலைய்யா. நேர்காணல்ல உங்க பொண்ணுதான் முதல் மார்க். ஆனா இது வசதி இல்லாதவங்களுக்கான உதவி. உங்களைவிடக் கஷ்டத்துல இருக்கிறவங்க நிறையப் பேர் இருந்தாங்க."

"எங்களைவிடவாங்க?"

"ஒரு வீட்டுல உக்கார இடமே இல்லை. படியில உக்காந்துதான் பேசினேன். உங்க வீடு அப்படியா? அந்த மாதிரி சோபா எங்க வீட்டுலகூடக் கிடையாதுய்யா."

மேடைக்காரர் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார்.

"அது வாடகைங்க" என்றார்.

"என்னது?"

"சோபா வாடகைச் சாமானுங்க. கம்பளம், மேசை, காத்தாடி, எல்லாமே. நான் வேலை பாக்கிறது அந்தக் கடையிலதான். துணிக்குப் பின்னாடி சுவரெல்லாம் ஓதம் ஏறிக் கிடக்கு. ஒழுகுற இடத்துல வெச்சிருந்த வாளியை உள்ளே ஒளிச்சு வெச்சேன்."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ஏன்யா அப்படிச் செஞ்சீங்க?"

"நீங்க நிக்கக் கூடாதுன்னுதாங்க."

பக்கத்து மேசையில் யாரோ தொலைபேசியில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நானும் துணியைத் தூக்கிப் பார்த்திருக்கணும்" என்றார் அந்த அம்மா. "சம்பளத்தைச் சொன்னீங்க, சாமானைப் பார்த்தேன், ரெண்டும் ஒட்டலை. நீங்கதான் எதையோ மறைக்கிறீங்கன்னு நினைச்சேன். அன்னைக்கு நிறைய வீடு ஏறி இறங்கிட்டேன்யா, கால் வலி. உங்க பொண்ணைக் கேட்டேனே, அது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சுது."

"இப்ப நான் சொல்றேனேங்க. எழுதிக்குங்க."

"பட்டியல் முடிஞ்சுதுய்யா. பணமும் குடுத்தாச்சு. இனிமே குடுக்கணும்னா இன்னொரு பிள்ளைகிட்ட இருந்து பிடுங்கித்தான் குடுக்கணும். அடுத்த வருஷம் போடச் சொல்லலாம்னா உங்க பொண்ணுக்கு வயசு வரம்பு இந்த வருஷத்தோட முடியுது. நீங்க இப்ப சொன்னதை நான் எங்கேயும் எழுத மாட்டேன். எழுதினா பொய்த் தகவல்னு உங்க பொண்ணு பேர்லதான் விழும்."

மேடைக்காரர் எழுந்தார். கதவு வரை போனவர் திரும்பி நின்றார்.

"படியில உக்காந்து பேசினேன்னீங்களே, அந்தப் பிள்ளைக்குக் கிடைச்சுதாங்க?"

"கிடைச்சுது."

"நல்லதுங்க" என்றார். மனதாரத்தான் சொன்னார். ஆனால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் படி இறங்கினார்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. பாப்பாவுக்கு அன்று வார விடுமுறை. அம்மாவும் மகளும் முன்னறைத் தரையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார்கள்.

"எங்கப்பா போனீங்க? கடையில இருந்து ஆள் தேடி வந்துட்டுப் போச்சு."

அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர்கள் எதிரே தரையில் உட்கார்ந்தார். போன இடத்தையும் கேட்ட பேச்சையும் ஒன்றுவிடாமல் சொன்னார். மனைவியின் கையிலிருந்த கத்தி நின்றுபோனது.

"அப்ப அந்தச் சோபாவாலதானா?" என்றாள். கணவனைத் திட்டப்போகிறாள் என்றுதான் தோன்றியது. ஆனால் அவள் குரல் இறங்கிவிட்டது. "அந்தக் கோப்பையை எல்லாம் எடுத்து அடுக்கினவ நான்தானே."

"பாப்பா, உனக்கு இது தெரியுமா?" என்றார் மேடைக்காரர்.

"தெரியும்பா."

"எப்பத்துல இருந்து?"

"கதவைத் திறந்தப்பவே தெரிஞ்சுடுச்சு."

"அப்ப ஏம்மா வாயைத் திறக்கலை? அந்தம்மா உன்னைக் கேட்டாங்களே, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சுதாமே?"

பாப்பா கையிலிருந்த கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். இன்னொன்றை எடுத்தாள்.

"சொன்னா நீங்க பொய் சொன்னவர்னு ஆயிடும். அதுவும் மூணாம் மனுஷி முன்னாடி. நீங்க சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கிட்டு, தட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க. என்னைப் பார்த்து வேற சிரிச்சீங்க. என்னால முடியலைப்பா."

மேடைக்காரர் அழுதுவிட்டார். ஊரார் வீட்டு விசேஷங்களில் பெண்ணைப் பெற்றவர்கள் அழுவதை எத்தனையோ முறை ஓரமாக நின்று பார்த்த மனிதர், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்க அழுதார். கெடுத்தது எதிரி என்றால் திட்டித் தீர்த்திருப்பார். இங்கே யாரைத் திட்டுவது?

"முதலாளியைக் கேக்கிறேன்" என்றார் துண்டுக்குள்ளிருந்து. "முன்பணமா வாங்கிக்கிறேன். சாகிற வரைக்கும் மேடை கட்டிக் கழிச்சுடறேன். நீ காலேஜுக்குப் போ பாப்பா."

"வேண்டாம்பா. நிதானமாக் கணக்குப் போட்டுப் பாருங்க" என்றாள் பாப்பா. "ரெண்டு வருஷம் ஃபீஸ். ரெண்டு வருஷம் என் சம்பளம் கிடையாது, அதுதான் பெரிய செலவு. களப்பணிக்குக் கைக்காசு போட்டுப் போகணும். முடிச்சு வந்தா, திட்டம் இருக்கிற வரைக்கும் வேலை. சம்பளம் இப்ப வாங்குறதுக்கு மேல கொஞ்சம். போட்டதை எடுக்க ஏழெட்டு வருஷம் ஆகும். இதுல உங்க முதலாளிக்குக் கடன் வேற. நிரந்தர வேலைன்னு ஒண்ணு இருக்கு, ஆனா அதுக்கு ஊரே போட்டி போடும். மாமா சொன்னது சரிதான்பா. நான்தான் அப்ப பிடிவாதம் பிடிச்சேன். இதுக்கு லாபமே கிடையாது."

மாமாவைவிட நன்றாகவே சொன்னாள். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. கையும் நிற்கவில்லை, தோல் நீளமாக, அறுபடாமல் இறங்கிக்கொண்டிருந்தது.

மேடைக்காரர் துண்டை எடுத்துவிட்டு அவளையே பார்த்தார். அவள் ஒவ்வொன்றுக்கும் அன்று மாமாவிடம் சொன்ன பதில் அவருக்குத் தெரியும். இந்தப் படிப்பு இல்லாவிட்டால் முடி நரைக்கிற வரைக்கும் உதவியாள்தான் என்று அவளே சொன்னதை, அவளுக்காக இப்போது அவர் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அவள் தலையைக் குனிந்துகொண்டு, கீழுதட்டைப் பல்லால் பிடித்துக்கொண்டிருந்தாள். யாராவது ஒரு வார்த்தை மறுத்துப் பேசினால் போதும், உடைந்துபோய்விடுவாள் என்று பெற்றவருக்குத் தெரிந்தது. அந்தக் கணக்கை அவள் அவருக்காகத்தான் போட்டாள். இப்போது அவளுக்கே அதைவிட்டால் வேறு பிடிமானம் இல்லை.

"ஆமா பாப்பா" என்றார். "நான் இன்னைக்கு அந்த ஆபீசைப் பார்த்தேனே. என்ன பெரிய வேலை. அந்தம்மா காலைப் பார்த்தேன், செருப்பு தேஞ்சு குதிகால் தரையில படுது. இத்தனை வருஷம் வேலை பார்த்தவங்க, ஒரு நல்ல செருப்பு வாங்க வழியில்லை."

பாப்பா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் இப்படிப் பேசி அவள் கேட்டதே இல்லை.

"அப்படியாப்பா?"

"ஆமாங்கிறேன். மத்தியானச் சாப்பாடுன்னு காய்ஞ்ச ரொட்டியைக் கடிச்சுக்கிட்டு இருக்காங்க."

"எங்க தொழிற்சாலை ரொட்டியா இருக்கும்" என்றாள் மனைவி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "உக்காந்த இடத்துல பாக்கெட் போடற நானே தேவலை போலிருக்கு. தெருத்தெருவா அலையற பொழப்பு நம்ம பொண்ணுக்கு எதுக்கு?"

"வெயில்லயும் மழையிலயும்" என்றாள் பாப்பா.

"கால் வலின்னு அந்தம்மாவே சொன்னாங்க" என்றார் மேடைக்காரர்.

"எல்லாரும் திட்டுவாங்க வேற. ஒரு நன்றி கிடையாது."

"சீ, அதெல்லாம் ஒரு படிப்பா?" என்றாள் அம்மா.

பாப்பாவின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் துடைக்கவில்லை, அவர்களும் பார்க்காதது போல இருந்துகொண்டார்கள். உருளைக்கிழங்கு தீர்ந்து, அடுப்பு மூட்ட வேண்டிய நேரமும் தாண்டி, அறையில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் இருட்டும் வரைக்கும், மூன்று பேரும் சேர்ந்து அந்தப் படிப்பைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.